மெதுவா வாங்க

ஜூன் 28, வெள்ளி

டியூட்டி முடிந்ததும் பத்திரிகை கொடுக்கக் கிளம்பினேன். எஸ்டேட்டின் மேல் லைனில் பதினாலு வீடு, ஆஸ்பத்திரியில் டாக்டரிலிருந்து ஆயா வரை எல்லோருக்கும், ஃபேக்டரியில் அப்பாவின் பழைய கூட்டாளிகளுக்கு ஒரு கட்டு. தூறல் நிற்கவே இல்லை. கவரின் மேல் அச்சடித்திருந்த இரண்டு புறாக்களில் ஒன்று நனைந்து என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. நீல நிறம். சோப்புப் போட்டும் போகவில்லை.

பேச்சியக்கா வீடு பூட்டியிருந்தது. பூட்டியிருந்தது என்றுதான் நினைக்கிறேன். மூடுபனியாக மஞ்சு இறங்கிவிட்டதால் பாதையிலிருந்து சரியாகத் தெரியவில்லை.

"எல்லாருக்கும் குடுத்தாச்சா?" என்று அம்மா கேட்டாள்.

"ஆச்சும்மா."

ஜூன் 30, ஞாயிறு

கோயிலில் மூன்றாவது முறையாக எங்கள் கல்யாண ஓலையை வாசித்தார்கள். "தங்கையா, ஞானப்பூ தம்பதியரின் மகள் எப்சிபாவுக்கும், பொள்ளாச்சி சபையைச் சேர்ந்த ஆசீருக்கும்..." போதகர் வாசிக்க வாசிக்க, அது வேறு யாரோ ஒரு எப்சிபா போலவும், அவளுக்கு என்ன ஆகப்போகிறதோ என்று நான் வேடிக்கை பார்ப்பது போலவும் இருந்தது. கோயில் ஜன்னல்களுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. மரம் இல்லை, மலை இல்லை, வெறும் வெள்ளை. கோயிலே மேகத்தில் மிதந்து போகிறது என்று சின்ன வயதில் நினைத்துக்கொள்வேன். இன்றைக்கும் நினைத்துக்கொண்டேன்.

"இவர்களைச் சேர்த்து வைக்க யாருக்காவது தடை தெரிந்திருந்தால் அறிவிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வழக்கம்போல் நிறுத்தினார். மற்றவர்களுக்கு அவர் நிறுத்துவது மூன்று விநாடி. எனக்கு இன்று நிறைய நேரம் நிறுத்தியது போல இருந்தது.

ஜூலை 2, செவ்வாய்

ஆசீர் போன் செய்தார். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்காது. கோயில் மணிக்கூண்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அங்கேதான் நிற்க வேண்டும். குடையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன்.

இன்னும் என்னை "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுகிறார். மூன்று வருஷம் ஒரே ஆம்புலன்சில் அவர் டிரைவராகவும் நான் நர்ஸாகவும் வேலை பார்த்த பழக்கம், நாக்கிலிருந்து போக மாட்டேன் என்கிறது. "கட்டிக்கப் போறவள சிஸ்டர்ங்கிறானே, வெளங்குமா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள்.

கயிறு மில்லில் ஒரு வாரம் லீவு கொடுத்திருக்கிறார்களாம். கோட்டு தைத்து வந்துவிட்டதாம், தோள் கொஞ்சம் பெரிதாம். கடைசியில் கேட்டார்.

"பேச்சியக்காவுக்குக் குடுத்தீங்களா சிஸ்டர்?"

"குடுத்துட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. வாங்கிக்கிட்டாங்க."

நாளைக்குக் கொடுத்துவிட்டால் இது பொய் ஆகாது.

ஜூலை 3, புதன்

நாள் முழுக்க மழை. எங்கும் போகவில்லை.

ஜூலை 5, வெள்ளி

சேலை வந்துவிட்டது. வெள்ளையில் வெள்ளிக் கரை. கட்டிப் பார்த்தேன். கண்ணாடியில் பார்த்தபோது யூனிஃபார்ம்தான் நினைவுக்கு வந்தது, சிரிப்பாக வந்தது. அப்பா கதவோரம் நின்று பார்த்துவிட்டுப் போய் முகம் கழுவினார்.

கல்யாணத்தை நான்தான் ஆசீரிடம் கேட்டேன் என்பது இங்கே யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளை வீட்டார்தான் வந்து கேட்டார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பிப்ரவரியில் ஒரு நாள் பொள்ளாச்சிக்கு மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மில்லைத் தேடிப் போனேன். அவர் ஆம்புலன்ஸ் வேலையை விட்டுப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது, ஒரு போன் கிடையாது. மைதானம் போன்ற இடத்தில் தேங்காய் நாரைக் காயப் போட்டிருந்தார்கள். அந்த வெயிலில் தரை முழுக்கப் பொன் நிறம். அதன் நடுவில் அவர் நாரைக் கிளறும் பெரிய வாரியை இழுத்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தார். காற்றெல்லாம் நார்த்தூசி பறந்தது, அவருடைய புருவத்திலும் பொன்தூசி. மலையில் அவரை ஒரு நாளும் வெயிலில் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"வண்டி ஓட்டறதை விட்டுட்டீங்களா?" என்றேன்.

"இந்த வேலை நல்லாருக்கு சிஸ்டர். இதுல யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. அதைச் சொல்லாமல், "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

பின்மத்தியானம் கொஞ்சம் தூங்கினேன். எட்டு மாதமாக வருகிற அதே கனவு. ஆம்புலன்சின் பின்பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், ஜன்னலெல்லாம் வெள்ளை. வண்டி போகிறதா நிற்கிறதா தெரியவில்லை. கனவில் நான் வாய் திறப்பதே இல்லை. அது மட்டும்தான் வித்தியாசம்.

ஜூலை 8, திங்கள்

இலை நிறுக்கும் இடத்தில் பேச்சியக்காவைப் பார்த்தேன். கொழுந்துச் சாக்கை இறக்கி வைத்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நவம்பரில் வீட்டுக்காரர் சுடலை அண்ணன் இறந்துபோனதிலிருந்து ஆள் பாதியாகிவிட்டார். வலது கண்ணில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. புரைதான். ஆஸ்பத்திரிக்கு வந்தால் நான் பார்த்திருப்பேன். அவர் வருவதில்லை.

"கல்யாணமாமே?" என்றார்.

"ஆமாக்கா."

"நல்லாரு."

பத்திரிகை பையிலேயே இருந்தது. கை ஈரமாக இருந்ததால் எடுக்கவில்லை.

ஜூலை 10, புதன்

நாளைக்குக் காலை பத்தரைக்குக் கல்யாணம். சமுதாயக் கூடத்தின் வாசலில் அப்பாவும் கூட்டாளிகளும் இரண்டு வாழை மரம் கட்டினார்கள். குலை தள்ளிய மரம், கீழே ஆழியாறிலிருந்து வந்தது. ஆசீர் வீட்டார் விடியற்காலை வேனில் கிளம்புகிறார்கள். அலங்காரம் செய்கிற பெண்ணும் அதே வேனில்தான் வருகிறாள். கேக்கும் அதில்தான்.

மழை விட்டிருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. மழை விட்டால் மஞ்சு வரும்.

ஜூலை 11, வியாழன். காலை 6.40

யானைகள் வந்துவிட்டுப் போயிருக்கின்றன. இரண்டு பெரியது, ஒரு குட்டி. வாசலில் கட்டிய வாழை மரம் இரண்டையும் தண்டோடு தின்றுவிட்டு, கூடத்தின் ஸ்டோர் ரூம் கதவைத் தள்ளி அரிசி மூட்டையை இழுத்துப்போட்டு, உப்பையும் நக்கியிருக்கின்றன. கறிவேப்பிலையைத் தொடவில்லை. சமையல்காரர் சுவரோரம் ஒட்டிக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் ஆகலை, எனக்கு ஒண்ணும் ஆகலை" என்று யாரும் கேட்காமலேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

"மொதப் பந்தி அதுங்களுக்குப் போட்டாச்சு" என்றார் அப்பா.

ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இரண்டு படி அரிசி வருகிறது. பக்கெட்டில், குக்கரில், தலையணை உறையில் எல்லாம் கொண்டுவருகிறார்கள். மஞ்சுக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வெளிப்பட்டு, கொட்டிவிட்டு, திரும்ப மஞ்சுக்குள் மறைந்து போகிறார்கள். அழகாக இருக்கிறது. அழ வேண்டும் போலவும் இருக்கிறது.

காலை 9.50

டைரியைப் பூச்செண்டுக்கு அடியில் மறைத்துக் கோயிலுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

மலைப்பாதையில் கீழிருந்து பதினெட்டாவது கொண்டை ஊசி வளைவுக்குப் பக்கத்தில் மரம் விழுந்துவிட்டதாம். வேன் அதற்குக் கீழே நிற்கிறதாம். அலங்காரப் பெண் வராததால் அம்மாவே எனக்குத் தலை பின்னினாள். நெற்றியை இழுத்து இழுத்துப் பின்னியதில் என் புருவம் இரண்டும் மேலே ஏறி, எதையோ பார்த்து ஆச்சரியப்பட்டவள் மாதிரி இருக்கிறேன்.

காலை 11.30

கோயில் நிறைய ஆட்கள், மாப்பிள்ளை இல்லை. கரண்ட் போய்விட்டது. பாடகர் குழு தெரிந்த பாட்டையெல்லாம் பாடி முடித்துவிட்டு, இப்போது கிறிஸ்துமஸ் பாட்டுக்கு வந்திருக்கிறார்கள்.

போதகர் வந்து மெதுவாகச் சொன்னார். "எனக்கு ரெண்டு மணிக்கு அடுத்த எஸ்டேட்ல ஒரு அடக்கம் இருக்கும்மா. போயிட்டு வந்துடறேன். ஆனா சட்டம் ஒண்ணு இருக்கு, சாயங்காலம் ஏழு மணிக்குள்ள கல்யாணத்தை முடிச்சாகணும். அதுக்கு மேல என் கையில இல்லை."

அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். நான் எல்லோருக்கும் சாப்பாடு போடச் சொன்னேன். கல்யாணத்துக்கு முன்பே கல்யாணச் சாப்பாடு.

மத்தியானம் 1.10

ஆசீர் பேசினார். பிறகு எழுதுகிறேன். ஒரு இடத்துக்குப் போக வேண்டும்.

ஜூலை 12, வெள்ளி

நேற்று விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். அவர் இன்னும் தூங்குகிறார். தூக்கத்தில்கூட விரல்கள் மடங்கியே இருக்கின்றன.

மத்தியானம் மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் நின்றபோது போன் அடித்தது.

"சிஸ்டர்..."

"எங்க இருக்கீங்க?"

"இருபத்தேழாவது வளைவு. மரத்தை அறுத்து எடுத்துட்டாங்க, ஏறி வந்துட்டோம். ஆனா இப்ப டிரைவர் எடுக்க மாட்டேங்குறாரு. மஞ்சு. பம்பருக்கு முன்னாடி ஒண்ணும் தெரியலை. பாவம், அவரு இந்த மலை ஏறினதே இல்லையாம். உக்காந்து அழுவுறாரு."

"வேற வண்டி எதுவும்?"

"யாரும் வர மாட்டேங்குறாங்க. பஸ்ஸையும் நிறுத்திட்டாங்க." வேனின் கூரையில் சொட்டுகிற தண்ணீர்ச் சத்தம் கேட்டது. "மெர்சி அக்கா என்னை ஓட்டச் சொல்றா."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"சாவியை வாங்கிட்டேன் சிஸ்டர். கையிலதான் வச்சிருக்கேன். உள்ள ஏறி உக்கார முடியலை. எட்டு மாசம் ஆச்சு."

என்னைச் சுற்றிலும் வெள்ளை. கோயிலிலிருந்து யாரோ சிரிக்கிற சத்தம் வேறு உலகத்திலிருந்து வருவது போல வந்தது. அப்போது என் வாயிலிருந்து வந்தது இதுதான்.

"மெதுவா வாங்க. மணியைப் பார்க்காதீங்க. எவ்வளவு நேரமானாலும் நான் இங்கதான் இருப்பேன்."

"ஏழு மணி போயிட்டா?"

"போனா நாளைக்குக் காலையில கட்டிக்கலாம். மெதுவா வாங்க."

அவர் மூச்சு விடுவது கேட்டது. பிறகு சிக்னல் போய்விட்டது.

போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். எவ்வளவு சின்ன வார்த்தை அது. சொல்ல ஒரு விநாடிகூட ஆகவில்லை. நவம்பரில் இதைச் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவளும் நான்தான்.

உள்ளே போய்ப் பையிலிருந்து அந்தப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு, கோயிலின் பின்பக்கக் கதவு வழியாக இறங்கிவிட்டேன். அம்மா பந்தியில் இருந்தாள். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. மஞ்சின் நிறமும் சேலையின் நிறமும் ஒன்று. தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நடந்தபோது என் உடம்பே எனக்குத் தெரியவில்லை, இரண்டு கை மட்டும் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஒரு கையில் பத்திரிகை. பாதை எங்கே திரும்பும் என்று காலுக்குத் தெரியும். எட்டு மாதமாக நான் போகாமல் இருந்த பாதை, கால் மறக்கவில்லை.

கதவு திறந்துதான் இருந்தது. முறத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்த பேச்சியக்கா அலறிவிட்டார்.

"யம்மா! பேயோன்னு நெனச்சுட்டேன். யாரது, எப்சியா? கல்யாணப் பொண்ணு இங்க வந்து என்ன பண்ற?"

பத்திரிகையை நீட்டினேன்.

"இன்னைக்குக் கல்யாணத்துக்கு இன்னைக்கா பத்திரிகை?" என்று வாங்கி, ஒற்றைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். "ஏ புள்ள, கால்ல ரத்தம்."

அட்டை. கணுக்காலில் இரண்டு, நன்றாகக் குடித்து உருண்டிருந்தன. சேலையின் வெள்ளிக் கரையில் ஒரு ரூபாய் அளவுக்கு ரத்தம். என்னை மணையில் உட்கார வைத்து, உப்பை எடுத்து வந்து வைத்தார். அவை சுருண்டு விழுந்தன. சேலையின் ஓரத்தைச் சொம்புத் தண்ணீரில் நனைத்துக் கசக்க ஆரம்பித்தார். அவர் தலை குனிந்திருந்தபோதுதான் எனக்குச் சொல்ல முடிந்தது.

"அக்கா, அன்னைக்கு அவரு வேகமா ஓட்டலை."

கசக்கிக்கொண்டே இருந்தார்.

"மஞ்சு அடர்த்தியா இருந்துச்சு. அவரு மெதுவாத்தான் இறங்கினாரு. நான்தான் அண்ணனோட நாடியைப் புடிச்சுக்கிட்டு, சீக்கிரம் போங்க, சீக்கிரம் போங்கன்னு கத்தினேன். மூணு தடவை. மூணாவது தடவைதான் அவரு மிதிச்சாரு. முப்பத்தாறாவது வளைவுல வண்டி சறுக்கி ரோட்டோரக் காவாயில இறங்கிடுச்சு. வேற வண்டி வர முக்கால் மணி நேரம். அதுக்குள்ள..." மணையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "விசாரணையில தப்பு தன்னோடதுன்னு அவரு எழுதிக் குடுத்துட்டாரு. என் பேரைச் சொல்லலை. நானும் சொல்லலை. யார்கிட்டயும் சொல்லலை."

ஈரத்துணியைப் பிழிகிற சத்தம் மட்டும்.

"அப்பறம்?" என்றார் பேச்சியக்கா.

"அப்பறம்னா... அவ்வளவுதான்க்கா."

"அதில்லை. முக்கால் மணி நேரம் நீதான அவரு பக்கத்துல இருந்தே. அந்த மனுசன் ஒண்ணுமே சொல்லலையா?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான் இந்தப் பக்கமே வராமல் இருந்தேன் போலிருக்கிறது. அது எனக்கே நேற்றுத்தான் தெரிந்தது.

"சொன்னாரு. 'பேச்சி பத்து மணிக்கு இலை போட்டுட்டு வருவா. அவளுக்குப் பாலை அடுப்புல வச்சுட்டு வந்துட்டேன், அணைச்சேனா தெரியலை, கொஞ்சம் அவகிட்டச் சொல்லிடும்மா'ன்னு சொன்னாரு. ரெண்டு தடவை சொன்னாரு. சொல்லிடறேன்னு சொன்னேன்."

பேச்சியக்காவின் கை நின்றுவிட்டது.

"பாலு," என்றார். "ஓட்டமா ஓடியாந்து கதவைத் தொறந்தா வீடெல்லாம் பொகை. பாத்திரம் கரியாக் கெடக்கு. பக்கத்து வீட்டுல கேட்டேன், எங்களுக்குத் தெரியாதுன்னுட்டாங்க. முப்பது வருசத்துல அந்த மனுசன் அடுப்புப் பக்கம் போனதில்லை. யாரு வந்து வச்சான்னு எட்டு மாசமா மண்டையைப் போட்டு ஒடைச்சுக்கிட்டு இருக்கேன். நெஞ்சு வலியோட எனக்குப் பாலு காய்ச்சியிருக்காரு."

சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். பிறகு முந்தானையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. நான் எழுந்து பக்கத்தில் போகலாமா என்று தெரியாமல் மணையிலேயே உட்கார்ந்திருந்தேன். மஞ்சு வாசல் வழியாக உள்ளே வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது.

வெகுநேரம் கழித்துத் திரும்பினார்.

"சீக்கிரம் போகச் சொன்னது தப்பில்லை புள்ள. நான் இருந்திருந்தா நானும் கத்தியிருப்பேன். ஆனா இத்தனை நாளு இதை வந்து சொல்லாம இருந்தியே..." அதற்கு மேல் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதில்லை. முறத்தை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். "போ. சேலை இப்பக் காயாது. அப்படியே போ."

"நீங்க வருவீங்களாக்கா?"

முறத்தைப் புடைக்க ஆரம்பித்தார்.

கோயிலுக்குத் திரும்பியபோது நாலு மணிக்கு மேல். அம்மா என் கோலத்தைப் பார்த்துவிட்டு, தன் துண்டால் என் காலைத் துடைத்தாள். மாப்பிள்ளை ஓடிவிட்டான் என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்களாம். பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

முதலில் வந்தது சத்தம்தான். வெகு கீழே, மஞ்சுக்கு அடியில் ஒரு ஹாரன். நீளமாக ஒன்று, நிறுத்தி, இன்னொன்று. அது அவர் அடிக்கிற விதம். மூன்று வருஷம் அதைக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு முறை கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தது. ஒருமுறை வெகுநேரம் கேட்கவில்லை. நான் தண்ணீர்த் தொட்டியின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுபடி கேட்டது. பிறகு வெள்ளைக்குள் மஞ்சளாக இரண்டு வட்டம். அவை அசைவதே தெரியவில்லை, பெரிதாகிக்கொண்டு மட்டும் இருந்தன. வேன் நின்றபோது மணி ஐந்தே முக்கால்.

கதவைத் திறந்து இறங்கியவரைப் பார்த்தேன். கோட்டின் தோள் உண்மையிலேயே பெரிதுதான். முகமெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், ஏதோ கேஸைக் கொண்டுவந்து சேர்த்துவிட்ட மாதிரி. பின்னால் அவர் அக்கா மெர்சி மதினி பட்டுச் சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகியபடி, கேக் பெட்டியோடு இறங்கினார்கள். மூன்று அடுக்குக் கேக் ஒரே அடுக்காக ஆகியிருந்தது.

"முப்பத்தாறுல இறங்கிட்டான்" என்று மதினி என் காதில் சொன்னார்கள். "எனக்குத் தெரியும், எந்த எடம்னு. கொஞ்ச நேரம் காவாயையே பார்த்துக்கிட்டு நின்னான். நான் போன் லைட்டைப் போட்டுக்கிட்டு முன்னாடி நடந்தேன். எம் பின்னாடியே ஓட்டிட்டு வாடான்னேன். வந்தான்."

போதகர் அடக்கத்திலிருந்து வர ஆறு பத்து. அங்கியின் ஓரமெல்லாம் செம்மண். கரண்ட் வரவில்லை. மெழுகுவத்தி கொளுத்தினார்கள். அந்த வெளிச்சத்தில் எல்லோருடைய முகமும் பாதி பாதிதான் தெரிந்தது. நான் யாரைக் கட்டிக்கொள்கிறேன் என்பதுகூடக் கனவில் நடப்பது போல இருந்தது, அவர் வாயைத் திறக்கும் வரை.

"ஆசீராகிய நான், சிஸ்டர் எப்சிபாவாகிய..."

கோயிலே சிரித்துவிட்டது. போதகரும் சிரித்தார். அம்மா மட்டும் "கர்த்தாவே" என்றாள்.

திருமாங்கல்யம் கட்டும்போது அவர் விரல் நீளவில்லை. நாலு மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து மரத்துப்போயிருந்தது. மதினி ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார்கள். முடிச்சு விழுந்தபோது என் கழுத்தில் அவர் கை ஜில்லென்று இருந்தது. கையெழுத்துப் போட்டபோது மணி ஆறு நாற்பது.

வெளியே வரும்போது கடைசி வரிசையைப் பார்த்தேன். பேச்சியக்கா இல்லை.

இதையெல்லாம் அவர் எழுந்ததும் அவரிடம் சொல்ல வேண்டும். பத்திரிகை கொடுத்துவிட்டேன் என்று சொன்ன பொய்யிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஜூலை 13, சனி

சொல்லிவிட்டேன். "உங்க பேரை நான் சொல்லாதது உங்களுக்காக இல்லை சிஸ்டர்" என்றார். "மிதிச்சது என் காலுதான்." பிறகு, "அவங்க வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

ஜூலை 14, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் இருவரும் போனோம். பேச்சியக்கா உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்தேன். ஆசீர் கதவோரத்திலேயே, செருப்பைக் கழற்றிய இடத்திலேயே நின்றார். தலை நிமிரவில்லை. பேச்சியக்கா தேயிலை போட்டு, டம்ளரை எடுத்துப்போய் அவர் கையிலேயே கொடுத்தார். தேயிலை குடிக்கிற சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது.

"ஏம்ப்பா," என்றார் பேச்சியக்கா. "லைசன்ஸ் வச்சிருக்கியா இன்னும்?"

"இருக்குக்கா."

"வலது கண்ணுல புரை. பொள்ளாச்சிக்குப் போயி எடுக்கணும்னு சொல்றாங்க. பஸ்ல போனா எனக்கு வாந்தி வருது. அவரு போனதுலேருந்து நான் இந்த மலையை விட்டு இறங்கவே இல்லை." டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "புதன்கிழமை கூட்டிட்டுப் போறியா?"

ஆசீர் அப்படியே கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மெதுவாத்தான் ஓட்டுவேன்க்கா."

"எனக்கென்ன அவசரம்" என்றார் பேச்சியக்கா.

ஜூலை 17, புதன்

மெர்சி மதினி வீட்டுக் காரை ஆசீர் வாங்கி வந்திருந்தார். காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். நல்ல மஞ்சு. நான் முன்னால், பேச்சியக்கா பின்னால், மடியில் மஞ்சள் பை. முப்பத்தாறு வந்தபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அவர் வண்டியை நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவந்து திருப்பினார். பின்னாலிருந்து சத்தமே இல்லை.

"என்ன பண்றாங்க?" என்று கிசுகிசுத்தார்.

திரும்பிப் பார்த்தேன். பேச்சியக்கா கண்ணாடியில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"தூங்கிட்டாங்க."

அதற்குப் பிறகு வந்த வளைவுகளில் அவர் ஹாரன் அடிக்கவில்லை. நிறுத்தி, விளக்கை இரண்டு தரம் எரியவிட்டு அணைத்தார். எதிரில் வெள்ளைக்குள்ளிருந்து யாராவது அப்படியே இரண்டு தரம் எரியவிட்டு அணைக்கிறார்களா என்று காத்திருந்தார். யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு மெல்ல இறக்கினார்.